கருப்பனுக்குக் கொண்டுபோன ஒயின்

1

அண்ணன் தவமணி போனில் எடுத்த எடுப்பிலேயே மழையைப் பற்றிக் கேட்டால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நான் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவில் மழை பெய்தால் அவனுக்கு என்ன, பெய்யாமல் போனால் என்ன? ஆனாலும் கேட்பான். இந்தத் தை மாசக் கடைசியில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அங்கிட்டு மழை தண்ணியெல்லாம் உண்டா தம்பி?"

ஷூவைக் கீழே வைத்தேன். "அது கெடக்கட்டும்ணே. அய்யாவுக்கு என்ன?"

"அய்யாவுக்கு ஒண்ணுமில்ல. மாசிக் கும்பிடுக்கு நாள் சாட்டியாச்சு. இந்த வருசமும் நான்தேன் ஆடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

எங்கள் ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும். எழுமலைக்கும் பேரையூருக்கும் நடுவில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்மாய்க்கரையில் எங்கள் பங்காளிகள் கும்பிடும் கருப்பசாமி இருக்கிறார். அவருக்குச் சாமியாடி எங்கள் அய்யா, அதாவது எங்களைப் பெற்ற அப்பா. அய்யா தன் ஜென்மத்தில் குடித்ததில்லை. குடித்துவிட்டு வந்தவன் சொந்த மாமன் மகனாக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவார். ஆனால் வருசத்தில் ஒரு நாள், மாசிக் கும்பிடு உச்சிப் பொழுதில், கருப்பு அவர்மேல் இறங்கியதும், ஒரு முழுப் பாட்டில் பிராந்தியைத் தண்ணீர் கலக்காமல் அண்ணாந்து குடித்துத் தீர்ப்பார். அய்யா குடிக்கிறார் என்று எங்கள் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள். குடிப்பது கருப்பு. அய்யா அந்த நேரத்துக்கு உடம்பை மட்டும் கொடுத்திருக்கிறார். சாமி மலையேறியதும் அசந்து தூங்கி எழுந்து, "கும்பிடு நல்லா நடந்துச்சா?" என்று அம்மாவிடம் கேட்பார். அவருக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது.

போன ஐப்பசியில் அய்யாவுக்குக் கால் வீங்கியது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதில், எப்போதோ வந்த காமாலை உள்ளுக்குள்ளேயே அரித்து, கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நடந்ததை அண்ணன் சொன்னால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

"குடிப்பாரா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"அவரு குடிக்க மாட்டாரு சார். வருசத்துக்கு ஒருக்கா சாமி குடிக்கும்."

டாக்டரும் மதுரைப் பக்கத்துக்காரர்தான். சிரிக்கவில்லையாம். "சாமிக்கு லிவர் கெடையாதுப்பா. உங்க அய்யாவுக்கு இருக்கு, அதுவும் பாதிதான் இருக்கு. இன்னொரு பாட்டில் உள்ள போச்சுன்னா ரத்தமா எடுப்பாரு. மதுரைக்கு நீங்க கொண்டாந்து சேக்க முடியாது."

போனில் நான் கேட்டேன்: "வேற யாராச்சும் ஆடக்கூடாதாண்ணே?"

"யாரு ஆடுறதுன்னு நாமளா முடிவு பண்றது? கருப்பு யாரு மேல எறங்குதோ அவுகதேன்."

"அப்ப பாட்டில் வைக்காம கும்பிட்டா?"

"நல்லாருக்கே நீ சொல்றது. ஊர்ல நம்மள உசுரோட விடுவாய்ங்களா? அட, ஊர விடு. கருப்பு விடுமா?" என்றவன் குரலைத் தாழ்த்தி, "நீ ஒருக்கா வந்துட்டுப் போ தம்பி. எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றான். அண்ணன் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

2

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அய்யாவிடம் இன்றுவரை சொல்லாதது அது.

நான் ஓர் ஒயின் ஆலையில் பாட்டில் நிரப்பும் எந்திரங்களுக்கு மெக்கானிக். வந்த புதிதில் அய்யா போனில், "என்ன கம்பெனிடா?" என்று கேட்டபோது என் வாயில் வந்தது ஜூஸ் கம்பெனி. "என்ன ஜூஸு?" என்றார். "திராட்சை" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஜூஸ்தான், கொஞ்ச நாள் ஆன ஜூஸ். பிறகு அதைத் திருத்த வாய்க்கவே இல்லை. அம்மாவோ, "எம் மகன் பழச்சாறு பிழியுற எடத்துல இருக்கான், அதேன் மொகம் தெளிஞ்சு கெடக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இனிமேல் எங்கே திருத்துவது?

முதல் கிறிஸ்துமஸுக்கு ஆலையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்கள். வீட்டில் கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரு வாய் குடித்தேன். நாவல் கொட்டையைப் புளித்தண்ணியில் ஊறப்போட்ட மாதிரி இருந்தது. இதற்கா இவர்கள் இம்புட்டு அலப்பறை பண்ணுகிறார்கள் என்று பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டிவிட்டேன். அதற்குப் பிறகு காலிப் பாட்டிலை எங்கே போடுவது என்று ஒரே தவிப்பு. யாரும் பார்க்கப்போவதில்லை, பார்த்தாலும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் பேரையூரில் இருந்து யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆலையில் சுவை பார்ப்பார்கள். எந்திரம் பார்க்கிறவர்களும் வரலாம் என்று மேலாளர் ஹெலன் ஒரு நாள் கூப்பிட்டாள். வரிசையாகக் கிளாஸ். ஒவ்வொருவரும் வாயில் வைத்து, கொப்பளித்து, நடுவில் இருந்த வாளியில் துப்பினார்கள். எங்கள் பக்கம் நாலு பெரிய மனுசர் முன்னால் துப்பினால் வெட்டுக்குத்தில் போய் நிற்கும். அதிலும் கொடுத்ததை வாங்கி வாயில் வைத்துவிட்டுக் கொடுத்தவர் முன்னாலேயே துப்புவதா? நான் மரியாதையாக எல்லாவற்றையும் விழுங்கினேன். கடைசிக் கிளாஸ் வரும்போது மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனது. ஹெலன் வந்து என் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். ஏன் துப்பவில்லை என்று கேட்டாள். மரியாதைக் குறைவு என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்த நிலையில் ஆங்கிலம் ஒத்துழைக்காமல், எங்கள் ஊரில் பகையாளி மேல்தான் துப்புவோம் என்று சொல்லிவிட்டேன். அறையே சிரித்தது. அடுத்த வாரத்தில் இருந்து ஒவ்வொரு ஒயினையும் பகையாளியாக நினைத்துக்கொள் என்றாள்.

ஒயின்மேல் பிரியம் வந்தது அங்கே இல்லை. ஓர் அறுவடைக் காலத்தில், மஸ்கட் என்ற திராட்சையின் சாறு இருந்த பெரிய தொட்டியில் குழாய் கசிந்தது. ஸ்பேனரோடு அடியில் படுத்து குழாய் இணைப்பைக் கழற்றியதும், சாறு என் நெற்றியில் சொட்டியது. அந்த வாசம் மூக்கில் ஏறியது. பன்னீர் திராட்சை! நம் கம்பம் பன்னீர் திராட்சை. மழை பொய்த்த வருசங்களில் அய்யா கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொடி கழித்துக் கவாத்து வெட்டப் போவார். திரும்பும்போது தோள் துண்டில் முடிந்து நாலு கொத்து கொண்டுவருவார். பழம் தீர்ந்த பிறகும் அந்தத் துண்டை மோந்துகொண்டே அண்ணனும் நானும் அடித்துக்கொள்வோம். இத்தனை கடல் தாண்டி வந்து, ஒரு இரும்புத் தொட்டிக்கு அடியில் அந்தத் துண்டின் வாசத்தில் படுத்துக் கிடந்தேன். அழுதுவிட்டேன். நல்லவேளை, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

3

அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. முதலில் மஸ்கட் மட்டும், இனிப்பு, பயமில்லாதது. பிறகு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய வாசம். அதுவே பழசானால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். நிஜமாகத்தான் சொல்கிறேன், அதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. என் மனைவி கவிதா பசுமலைக்காரி, வாத்தியார் மகள். அந்தப் பாட்டிலைத் திறந்த அன்று அடுப்படியில் இருந்து வந்து, "என்னங்க இது, ரேசன் கடை வரிசையில நின்ன மாதிரியே இருக்கு?" என்றாள். அதுக்கப்புறம் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். முதல் கிறிஸ்துமஸில் கழுவுதொட்டியில் கொட்டினேனே, அதே நாவல்பழப் புளிப்புத்தான். இப்போது அதில் மிளகு தெரிந்தது, வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலில் முதல் தூறல் விழுந்த வாசம் தெரிந்தது. நாக்கு மாறவில்லை, அவசரம்தான் போயிருந்தது. ஒரு மாலைக்கு ஒரு கிளாஸ். குடிக்கிற நேரத்தைவிட மோந்து பார்க்கிற நேரம்தான் அதிகம்.

இந்தப் பிரியத்தோடு ஒரு பயமும் சேர்ந்தே வளர்ந்தது. இது ரசனையா, பழக்கமா? மதுரைக்கு வரும்போதெல்லாம் தொட மாட்டேன். தொடாமல் இருக்க முடிகிறதா என்று தினமும் சாயங்காலம் என் கையை நானே நீட்டிப் பார்ப்பேன், நடுங்குகிறதா என்று. பேரையூர் ரோட்டில் ஒரு ஒயின்ஷாப்பு இருக்கிறது. உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். அதன் வாசலில் சட்டை கசங்கி நிற்கிறவர்களைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கவிதாவிடம் ஒரு நாள் கேட்டேன். "உங்க கிளாஸுக்குக் காலு இருக்கு, அம்புட்டுதான்" என்றாள். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்துக் கேட்டது என் தப்பு.

மகள் இனியா மெல்போர்னில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவாள். தமிழில் ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். தாத்தா விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா, தாத்தா ஆக்ட் பண்றாரா?" என்றாள்.

"சாமி விசயத்துல ஆக்டிங் கீக்டிங்னு பேசாத" என்று கத்திவிட்டேன்.

"சும்மாதான் கேட்டேன். எதுக்குப்பா இவ்ளோ பயப்படுறீங்க?" என்றாள். பிறகு கோபமெல்லாம் இல்லாமல், "பிராந்திதான் பிராப்ளம்னா உங்க ஒயினைக் குடுங்க. அந்த ஸ்வீட் மஸ்கட்ல ஆல்கஹால் பியர் அளவுதானே?" என்றாள்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கருப்பும் தெரியாது, காப்பும் தெரியாது. அதனால்தான் அப்படி யோசிக்க முடிந்திருக்கிறது.

4

மதுரை டாக்டரைப் போனில் பிடித்தேன். "அஞ்சு பர்சன்ட்தான் சார்" என்று கெஞ்சினேன். "என் கணக்குல ஜீரோதான்" என்றார். பிறகு அவரே, "அவரு எப்படியும் குடிக்கத்தான் போறாருன்னா, பிராந்திக்கு அது எவ்வளவோ மேல். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். சாராயமே இல்லாத ஒயினும் எங்கள் ஆலையில் உண்டு. ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் திரும்ப வைத்துவிட்டேன். சாமியை ஏமாற்றுவதில் எனக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

கவிதாவின் பழைய சேலை ஒன்றில் மஸ்கட் பாட்டிலைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். சிங்கப்பூர் வரைக்கும் அது உடைந்துபோய்ச் சட்டையெல்லாம் நனைகிற மாதிரியே நினைப்பு. மதுரை விமான நிலையத்தில், பிறந்த ஊருக்குள் வர ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டையும் வெளிநாட்டு இந்தியர் அட்டையையும் நீட்டி, வந்த காரணம் சாமி கும்பிடு என்று சொல்லிவிட்டு நின்றேன். சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சேலையை விரித்துப் பார்த்த அதிகாரிக்கு ஒரே ஏமாற்றம்.

"ஒயினா? இம்புட்டுத் தூரத்துல இருந்து ஒயினையா தூக்கிட்டு வந்தீங்க?"

"சாமிக்கு சார்."

"எந்தச் சாமிக்கு?"

"கருப்புக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. பாட்டிலை மறுபடி சேலையில் அவரே பக்குவமாகச் சுற்றி வைத்து, "பாத்துக் கொண்டு போங்க" என்றார்.

அன்று ராத்தங்கலுக்குப் பசுமலை மாமனார் வீடு. மாமியார் எதுவும் கேட்காமல் பாட்டிலை ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான்தான் போய்ப் போய்த் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

ஊரில் அய்யா வீட்டில் இல்லை. காப்புக் கட்டியாகிவிட்டது, விரதம் முடிகிறவரை கோயில் கொட்டகையில்தான் படுக்கை. தள்ளி நின்று பார்த்தேன். கழுத்து எலும்பு துருத்தியிருந்தது, கண் மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "எப்படா வந்த? ஜூஸ் கம்பெனியில லீவு குடுத்தாய்ங்களா?" என்று சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அண்ணனையும், பங்காளிகளில் மூத்தவரான சின்னச்சாமி சித்தப்பாவையும் உட்காரவைத்துப் பாட்டிலைக் காட்டினேன். இது வெளிநாட்டுத் திராட்சைச் சரக்கு, அய்யா உடம்பைப் பிராந்தி அளவுக்குக் கெடுக்காது, இந்த வருசம் இதை வைப்போம் என்றேன். எத்தனை வீரியம் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

சித்தப்பா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னப்பா, ரோஸ் மில்க் கணக்கா இருக்கு?"

"பாரின் சரக்கு சித்தப்பா. பாக்கத்தான் அப்பிடி."

"பாரின் சரக்குன்னா சும்மாவா" என்று அவரே தலையாட்டிக்கொண்டார். ஆனால் அண்ணன் முகம் தெளியவில்லை.

"நாம மாத்தி வச்சது கருப்புக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியாம இருக்குமாண்ணே. வேணாம்னா துப்பிரும்."

எதற்கு அதைச் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா உடனே பிடித்துக்கொண்டார். "அதேன் சரி. வச்சுப் பாப்போம். கருப்பு துப்புச்சுன்னா எங்கிட்ட இருக்கு" என்று தன் மஞ்சப் பையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒரு முழுப் பாட்டில் பிராந்தி. வழக்கத்தை விட முடியாது, அதனால் முன்னேற்பாடாக வாங்கி வைத்ததாம்.

ஆக, எல்லாம் ஒரு வாயில் வந்து நின்றது. அய்யா விழுங்கினால் பிழைப்பார். துப்பினால் பிராந்தி வரும்.

6

உச்சிப் பொழுது. வெயில் மண்டையைப் பிளந்தது. கண்மாய்க்கரை முழுக்கச் சனம். உறுமியும் மேளமும் காதைக் கிழித்தன. அய்யா கச்சை கட்டி, மாலை போட்டு, சந்நிதி முன்னால் கண்ணை மூடி நின்றார். ரொம்ப நேரம் நின்றார். எப்போதும் இத்தனை நேரம் ஆகாது. பெண்கள் குலவை போட்டுப் போட்டு ஓய்ந்து மறுபடி போட்டார்கள். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அய்யா உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. "ஏய்!" என்ற சத்தம் வந்தது. அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு ஆடினார். அம்புட்டுப் பேரும் கையெடுத்தார்கள், நானும்தான். அந்த நேரத்தில் அது எனக்கு அய்யா இல்லை.

கையை நீட்டினார். அண்ணன் மூடியைத் திருகிப் பாட்டிலைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

பாட்டில் வாய்க்குப் போகும் வழியில் ஒரு நொடி மூக்குக்குக் கீழே நின்றது. பிறகு அண்ணாந்து ஊற்றினார். மஸ்கட்டில் லேசாகக் குமிழ் விடும். பிராந்தியில் அது கிடையாது. அதை நான் யோசிக்கவே இல்லை! கன்னம் உப்பிவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. வாய் நிறைய ஒயினோடு அப்படியே நின்றார். மேளக்காரர்கள் அடியை நிறுத்திவிட்டார்கள். சித்தப்பாவின் கை மஞ்சப் பைக்குள் போனது. ஹெலன் வைத்த வாளியெல்லாம் எனக்குக் கண்முன்னால் வந்தது. துப்பிராதய்யா, துப்பிராத, விழுங்கிரு என்று மனசுக்குள் கதறினேன். யாரிடம் கேட்கிறேன், அய்யாவிடமா கருப்பிடமா என்றுகூடத் தெரியவில்லை.

தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. இன்னொரு வாய். இன்னொன்று. பாட்டில் தலைகீழானது. காலிப் பாட்டிலைக் கண்மாய்க்குள் வீசிவிட்டுப் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். "கருப்பு ஏத்துக்கிருச்சு!" என்று சித்தப்பாதான் முதலில் கத்தினார். குலவை எழும்பியது. அண்ணன் தரையில் விழுந்து கும்பிட்டு விம்மினான்.

திருநீறு வாங்க என் முறை வந்தது. நெற்றியில் அழுத்தித் தேய்த்துவிட்டு, "கடலத் தாண்டிப் போனவனே, பயப்படாதடா. நான் இருக்கேன்" என்றது சாமி. பல வருசமாகத் தேடின வார்த்தை கிடைத்த மாதிரி இருந்தது.

அய்யா கொட்டகையில் தூங்கினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்ததும் எழுந்தார். அம்மா கொடுத்த பழையசோற்று நீச்சத்தண்ணியைக் குடித்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார்: "கும்பிடு நல்லா நடந்துச்சா?"

7

நான் கிளம்பும் நாள் வரை அய்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் வீக்கம்கூட அப்படியேதான் இருந்தது, கூடவில்லை. விமான நிலையத்துக்கு அண்ணன்தான் கார் ஓட்டினான். அய்யாவும் பிடிவாதமாக வந்தார். திருமங்கலத்தில் டயருக்குக் காற்றுப் பிடிக்க வேண்டும் என்று அண்ணன் வண்டியை ஒரு கடையில் விட்டான். எதிர்ப்புறம் ஒரு தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை குவித்திருந்தது. அய்யா ரோட்டைத் தாண்டி அங்கே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

ஒரு கொத்தை எடுத்தார். தின்னவில்லை. மூக்கருகில் வைத்து நிதானமாக மோந்தார்.

"அந்தப் பாட்டில்ல இதே வாசம்டா" என்றார்.

எனக்கு அவர் சொன்னது புரிய ஒரு கணம் ஆனது. சாமியாடிக்கு ஒன்றும் ஞாபகம் இருக்கக் கூடாது. இருந்தால், ஆடியது சாமி இல்லை.

"அய்யா..."

"போன வருசம் அந்தப் பிராந்திக் கருமம் நெஞ்ச அரிச்சு எடுத்துருச்சு. அதுக்கு முந்துன வருசமும்தேன். இது எம்புட்டோ தேவல." கொத்தை வண்டியில் திரும்ப வைத்தார். "கருப்பு வரலடா. கொட்டு அடிக்கிறாய்ங்க, குலவ போடுறாளுக, கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்குறேன், எறங்க மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்? அம்புட்டுச் சனம் நம்பி வந்து நிக்கிது. வெறுங்கையோட வீட்டுக்குப் போங்கன்னு சொல்றதா?"

தள்ளுவண்டிக்காரர் விலை சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. "பயப்படாதடா, நான் இருக்கேன்" என்று என் நெற்றியைத் தேய்த்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இவர் கை. சொன்னதும் இவர்தான்.

"தவமணிக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டான்" என்றார்.

"சொல்ல மாட்டேன்யா."

"நல்லாத்தேன் போடுறாய்ங்க உங்க கம்பெனியில, ஜூஸு" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்ப்பதற்குள் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

விமான நிலைய வாசலில், அண்ணன் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது அய்யா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த கும்பிடுக்கும் வந்துரு. வெறுங்கையோட வராத" என்றார்.

"மகன்கிட்ட வாய்விட்டுக் கேட்டு வாங்குறாரு பாரேன்" என்று அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அங்கேயே உடைந்திருப்பேன்.

இங்கே இப்போது மஸ்கட் தொட்டி நிறைந்து கிடக்கிறது. அடுத்த மாசியில் கருப்பு மறுபடியும் அய்யா மேல் இறங்க வேண்டும், அவரைத் தனியாக நிற்கவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் நிஜமாகவே இறங்கி, இந்தச் சரக்கு வேண்டாம் என்று துப்பிவிட்டால், சித்தப்பா பையில் பிராந்தி இருக்கிறது. அதனால் வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. பாட்டிலை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.